பலகையில் யார் பெயர் பெரிது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கட்டடங்களிலும், பேர்பெற்றவர்கள் குடியிருந்த வீடுகளிலும் நினைவுப் பலகை வைக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனை. யார் யாருக்கு வைக்கலாம் என்று விரிவாக எழுதியவர், பலகையில் என்ன எழுதுவது என்பதைத் தொடவே இல்லை. கல்லில் எழுத்து வெட்டிப் பிழைத்தவன் நான். என் கண் முதலில் அங்கேதான் போனது.

எங்களிடம் வரும் வாசகத் தாள் எப்படி இருக்கும் தெரியுமா? திறந்து வைப்பவர், தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், நிதி கொடுத்தவர், விழாத் தேதி. இத்தனைக்கும் நடுவே, அந்த வீட்டில் வாழ்ந்தவருக்கு ஒரு வரி. ஒருமுறை திறப்பாளர் பெயர் இரண்டு அங்குல உயரத்திலும் அறிஞர் பெயர் ஒரு அங்குலத்திலும் வேண்டும் என்றார்கள். வெட்டிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய? அந்த மனிதர் எந்த ஆண்டு குடிவந்தார், அங்கிருந்து என்ன செய்தார் என்பதற்குக் கல்லில் இடமே மிஞ்சவில்லை.

லண்டனில் பேர்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளின் சுவரில் பதிக்கும் நீலப் பலகைகள் வேறு மாதிரி. 1866இல் தொடங்கிய திட்டம் அது. ஏறக்குறைய அரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் பெயர், பிறந்த, இறந்த ஆண்டுகள், தொழில், அங்கே வசித்த ஆண்டுகள், அநேகமாக அவ்வளவுதான். ஓவியர் வான்கோவின் பலகை அவர் 1873-1874இல் அங்கே வசித்தார் என்கிறது. அப்போது அவர் ஓவியரே இல்லை, ஓவியங்கள் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர். ஆண்டைப் போட்டதால்தான் இதை நாம் யோசிக்கவே முடிகிறது. அந்த முகவரியைக் கண்டுபிடித்தவர் ஒரு தபால்காரர் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

முகவரி விஷயத்தில் அவசரம் கூடாது. தெருப் பெயர் மாறும், கதவு எண் மாறும், பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டியிருப்பார்கள். வாக்காளர் பட்டியல், வரிப் பதிவேடு, கடித உறை எல்லாவற்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும். வீடு போய்விட்டதென்றால் 'இந்த இடத்தில் இருந்த வீட்டில்' என்று நேர்மையாக எழுதலாமே. ஆள் இறந்து 20 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பது லண்டன் விதி, அதையும் எடுத்துக்கொள்ளலாம். புகழ் நிற்கிறதா என்று தெரிய அவ்வளவு காலம் வேண்டும்தான்.

பலகை வைத்தால் கட்டடம் பிழைத்துவிடும் என்ற கட்டுரையாளரின் நம்பிக்கை மட்டும் எனக்கு இல்லை. லண்டன் திட்டத்தின் முதல் பலகை, 1867இல் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் வைத்தது. 1889இல் அந்த வீட்டையே இடித்துவிட்டார்கள். கட்டடத்தைக் காக்கச் சட்டம் வேண்டும், அது தனி வேலை.

அப்புறம், தொழில்காரனாக ஒன்று. நீலப் பலகையின் முகப்பு லேசாகப் புடைத்திருக்கும். மழையே அதைக் கழுவிவிடும். நாமோ கறுப்புக் கல்லைப் பளபளவென்று மெருகேற்றி, எழுத்தில் தங்க நிற வண்ணம் அடிக்கிறோம். வெயிலில் வண்ணம் உதிர்ந்த பிறகு, மெருகுக் கல்லின் பளபளப்பில் எழுத்தே தெரிவதில்லை. ஆழமாக வெட்டினால் நிழலே எழுத்தைக் காட்டும், வண்ணம் எதற்கு? ஆழத்துக்குக் கூலி அதிகம் என்பார்கள். நான்கு தலைவர் பெயரை எடுத்தால் கணக்குச் சரியாகிவிடும்.

திறந்து வைத்தவர் பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் உள்ளே கூடத்தில் தனியாக எழுதிச் சட்டம் போட்டு மாட்டட்டும். தெருவைப் பார்க்கும் கல்லில் வேண்டாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தப் பலகையானாலும் வெட்டுவதற்கு முன் அதன் வாசகத்தை நாளிதழில் வெளியிடுங்கள். ஆண்டு தவறு, எழுத்துப் பிழை, வீடு மாறிப்போனது எல்லாவற்றையும் வாசகர்கள் ஒரு வாரத்தில் சொல்லிவிடுவார்கள். தாளில் திருத்துவதற்குப் பேனா போதும். கல்லில் ஒரு சுழி தப்பினாலும் முகம் முழுவதையும் இழைத்துவிட்டு முதலிலிருந்து வெட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லெழுத்துத் தொழிலாளி