வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: ‘ஒரே நாளில் எட்டு இடம்’ இனி இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரத்திலிருந்து எழுதுகிறோம். கோடை விடுமுறைக்கு வேன் கேட்டுத் தினமும் போன் வருகிறது. எடுத்ததும் பாதிப் பேர் கேட்பது, "அந்த ஒரு நாள் எட்டு இடம் டிரிப் என்ன ரேட்டுண்ணே?" என்றுதான். அந்த டிரிப்பை நிறுத்திவிட்டோம். காரணத்தைப் போனில் அரைகுறையாகச் சொல்லி எங்களுக்கே திருப்தி இல்லை. அதனால்தான் இந்த மடல்.

போன அரையாண்டு லீவில் விருதுநகர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. பன்னிரண்டு பேர், கூடவே எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. அவருடைய அப்பா தனுஷ்கோடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ரயிலில் வந்து இறங்குகிற சரக்கு அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் போன காலம் அது. 1964 டிசம்பர் புயலுக்குச் சில மாதம் முன்னால்தான் குடும்பத்தோடு ஊரைவிட்டு வந்திருக்கிறார்கள். அதன்பிறகு அவர் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. காலையில் வண்டி ஏறும்போதே டிரைவரிடம், "தம்பி, மத்ததெல்லாம் பிள்ளைக பார்க்கட்டும். எனக்கு தனுஷ்கோடி ஒண்ணு போதும்ப்பா" என்று சொல்லியிருக்கிறார்.

அன்று என்ன நடந்தது? ராமேஸ்வரம் கோயிலில் தீர்த்தமாடி முடியவே நெடுநேரம். தரிசனத்துக்கு நிற்கும்போது ஒரு மணிக்கு நடை சாத்திவிட்டார்கள், மூன்று மணி வரை காத்திருந்தார்கள். அப்புறம் ராமர் பாதம், கலாம் நினைவிடம், நடுவில் ஒரு சங்குக் கடையில் அரை மணி நேரம். தனுஷ்கோடிக்கு முன்னால் இருக்கிற முகுந்தராயர் சத்திரம் போய்ச் சேர்ந்தபோது செக்போஸ்ட்டில் மேற்கொண்டு விடவில்லை. இருட்டுவதற்குள் எல்லா வண்டியையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், அது அவர்கள் கடமை. பிழை எங்களுடையது. டிரைவர் வண்டியைத் திருப்பியபோது அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதோடு விட மனசில்லை. மாசி மாதத்தில் அவரையும் மகனையும் எங்கள் செலவில் வரவழைத்துக் காலையிலேயே கூட்டிப் போனோம். இதை எழுதுகிற நானே ஓட்டினேன். இடிந்த மாதா கோயில் சுவரில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ரயில்வே ஸ்டேஷன் இருந்த பக்கம் மணலில் தானாகவே நடக்க ஆரம்பித்தார். மகன் கையைப் பிடிக்கப் போனதற்கு, "விடுப்பா, எனக்குத் தெரியும்" என்றார். அங்கே அவர் இரண்டு மணி நேரம் இருந்தார். எங்கள் பழைய டிரிப்பில் தனுஷ்கோடிக்கு நாங்கள் ஒதுக்கியிருந்தது நாற்பது நிமிடம்.

இனி எங்கள் ஏற்பாடு இரண்டு நாள். ஒரே நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கு மூன்று இடம், அதற்கு மேல் இல்லை. எந்த மூன்று என்பதை நீங்களே சொல்லுங்கள்.

முதல் நாளை ராமநாதபுரத்திலேயே தொடங்குகிறோம். இதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். "ராம்நாட்ல என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி இப்படிக் கேட்கும்போது மனசு வலிக்கிறது. அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்தில் சுவரும் கூரையும் நிறைய ஓவியம், ஏறத்தாழ முந்நூறு வருடப் பழமை. தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், இந்தச் சீமையை ஆண்ட சேதுபதியைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள், அம்மன் ராஜராஜேஸ்வரியிடம் சேதுபதி செங்கோல் வாங்குவது என்று ஒவ்வொன்றாகப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கதை சொல்லலாம். 1798இல் ஜாக்சன் துரையைக் கட்டபொம்மன் சந்தித்ததும் இந்த விலாசத்தில்தான். "இங்கதானா?" என்று ஒரு பையன் தரையைத் தொட்டுப் பார்த்ததை எங்கள் டிரைவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அங்கிருந்து உத்தரகோசமங்கை. உச்சிக்கு நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். மரகத நடராஜரை வருடம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் வைத்திருப்பார்கள், மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்பைக் களைவார்கள். "பச்சை நிறம் தெரியலையே" என்று கோடையில் வந்தவர்கள் எங்களிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் பொன்னூசலில் பாடிய தலம் இது, அந்த நினைப்போடு போங்கள். சாயங்காலம் திருப்புல்லாணியில் தர்ப்பையில் சயனித்த ராமரைச் சேவித்துவிட்டுச் சேதுக்கரைக் கடல். கீழக்கரையின் பழைய பள்ளிவாசலைப் பார்க்க விரும்பினால் சொல்லுங்கள். கோயில் மண்டபம் போலவே செதுக்கிய கல் தூண்கள் அங்கே உண்டு. தொழுகை நேரத்தை விசாரித்துக்கொண்டு கூட்டிப் போகிறோம். திரும்பும்போது தொதல் என்கிற கீழக்கரை இனிப்பு ஒரு டப்பா வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி கிளம்பும். இந்த நேரத்துக்குத்தான் அதிக எதிர்ப்பு. ராமேஸ்வரத்தில் ஸ்படிக லிங்க தரிசனம் காலை ஐந்திலிருந்து ஆறு வரைதான். அதைப் பார்த்துவிட்டு அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு 22 தீர்த்தமும் ஆடினால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். கிணற்று மேட்டில் நிற்பவர் வாளியை விட்டு இழுத்து அப்படியே தலையில் கொட்டுவார். ஒரு கிணறு சில்லென்று இருக்கும், அடுத்தது வேறு மாதிரி, உப்பும் மாறும். சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் கொண்டாட்டம். தரையெல்லாம் தண்ணீர் என்பதால் பெரியவர்களின் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஈரத் துணியோடு சந்நிதிக்குப் போக முடியாது. ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி தனிப் பையில் இருக்கட்டும். போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள், கோயிலுக்குள் அனுமதி இல்லை. மூன்றாம் பிரகாரத்தை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். சேதுபதிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி முடித்தது, 1,212 தூண்கள் என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு மூலையில் நின்று மறுமூலையைப் பார்த்தாலே போதும்.

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் இனி வண்டி நிற்காது. போட்டோ எடுக்க நாங்களும் நிறுத்தியவர்கள்தான். பின்னால் பஸ் வரும்போது குழந்தைகள் குறுக்கே ஓடுவதைப் பார்த்தபிறகு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பாலம்தான் முக்கியம் என்றால் நேரம் தோதுப்படும்போது ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ரயிலில் வாருங்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6 முதல் புதுப் பாலம். கப்பலுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி லிப்ட் மாதிரி நேராக மேலே போகும். நீங்கள் ரயிலில் வரும் தூரத்துக்கு வாடகையில் கழித்துக்கொள்கிறோம்.

மதியம் அறையில் ஓய்வு. வெயில் தாழ்ந்ததும், செக்போஸ்ட்டில் நிறுத்துவதற்குள் தனுஷ்கோடி. தனுஷ்கோடிச் சாலை முடிகிற அரிச்சல்முனையில் யாரும் கடலில் இறங்க வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. எங்கள் ஊர் மீனவர்கள் முன்னதைப் பெண் கடல் என்பார்கள், பின்னதை ஆண் கடல் என்பார்கள். இரண்டும் சேருகிற இடத்தில் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று அவர்களுக்கே நிச்சயம் கிடையாது. பிள்ளைகள் தண்ணீரில் விளையாட வேண்டுமென்றால் உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறோம். அது பெண் கடல் ஓரம், சவுக்கு நிழல் உண்டு. அங்கேயும் பெரியவர் ஒருவர் கரையில் கண் வைத்திருக்க வேண்டும்.

பூநாரைகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். அவை குளிர்காலத்தில் வருபவை. மே மாதத்தில் காட்டுகிறோம் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம். மீனும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கிடைக்கும், ஆனால் அளவு குறைவு, விலை கூடுதல். நண்டு, கணவாய்க்காகவே வருகிறவர்கள் ஜூன் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று. சங்குக் கடைகளில் வண்டி நிறுத்தினால் கமிஷன் கிடைக்கும், நாங்களும் வாங்கியிருக்கிறோம். அதை விட்டுவிட்டோம். எந்தக் கடையிலும் நீங்கள் கேட்டால்தான் நிறுத்துவோம். இரண்டு நாள் வாடகை பழைய ஒரு நாள் வாடகையைவிடக் கூடுதல்தான், ஆனால் இரண்டு மடங்கு இல்லை. டிரைவர் இரவு தங்குவதற்கும் தூங்குவதற்கும் ஆகிற செலவு அதில் அடக்கம். மூன்று மணிக்கு எழுந்து ஓட்டுகிறவர் முந்தின இரவு தூங்கியிருக்க வேண்டும்.

பதிவு செய்யும்போது எத்தனை பேர், அதில் எத்தனை குழந்தைகள், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் யாராவது உண்டா என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், இந்தப் பக்கம் அவர்கள் பார்க்க ஆசைப்படுகிற இடம் எதுவென்று. அந்த இடத்தை முதலில் எழுதிக்கொண்டு, மற்றதை அதைச் சுற்றி அமைத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வேன்காரர்கள்,
ராமநாதபுரம்