அஸ்வெசும மேன்முறையீடு: எந்தப் பதிலை மறுப்பது என்று முதலில் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும கிடைக்காதவர்கள் எழுதும் மேன்முறையீடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. "நான் மிகவும் வறிய குடும்பத்தைச் சேர்ந்தவள். கூலி வேலை செய்து பிழைக்கிறோம். கருணை கூர்ந்து எனது பெயரையும் சேர்க்கவும்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் இருக்கும் உத்தியோகத்தர் எதையும் திருத்த முடியாது. இந்தத் திட்டத்தில் ஆளைத் தெரிவு செய்வது புள்ளி. புள்ளி மாறவேண்டுமானால் பதிவில் உள்ள ஏதாவது ஒரு பதில் மாறவேண்டும். எந்தப் பதில் என்பதைத்தான் யாரும் மக்களுக்குச் சொல்வதில்லை.

2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், 2022 ஒக்டோபரில் வெளியான வர்த்தமானியில் தகுதிக்கான அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என ஆறு துறைகள். அவற்றுக்குள் 22 குறிகாட்டிகள். வீட்டு வாசலில் கணக்கெடுப்பாளர் குறித்துக்கொண்ட பதில்கள் கணினிக்குள் போகின்றன, புள்ளி கூட்டப்படுகிறது, வெட்டுக்கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறீர்கள் என்பது தீர்மானமாகிறது. எந்தப் பிரிவில் சேர்கிறீர்கள் என்பதும் அப்படித்தான். 2023 ஜூலையில் தொடங்கியபோது நான்கு பிரிவுகளுக்கு மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து கடைசி இரண்டும் 10,000, 17,500 ஆகின. ஒரு பதில் மாறினால் ஒரு குடும்பத்தின் மாத வரவில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரலாம்.

இதற்கு முன்பிருந்த சமுர்த்தி நிவாரணத் திட்டக் காலத்தில் 'தெரிந்தவர்களுக்குத்தான் முத்திரை' என்ற முறைப்பாடு ஊருக்கு ஊர் இருந்தது. ஆளின் விருப்பு வெறுப்பை ஒதுக்கி அளவுகோலைக் கொண்டுவந்தது சரியான காரியம் என்றே நாங்கள் நினைக்கிறோம். பிழை அளவுகோலுக்கும் ஆளுக்கும் நடுவில் நிற்கும் அந்தப் படிவத்தில் இருக்கிறது. முதற்கட்டத்தில் சுமார் 37 இலட்சம் விண்ணப்பங்கள் வந்தன. 2023 ஜூலை 10 வரை வந்துசேர்ந்த மேன்முறையீடுகள் ஒன்பது இலட்சத்தைத் தாண்டின. கிட்டத்தட்ட நாலில் ஒரு குடும்பம். இத்தனை பேர் எதிர்த்து எழுதிய ஒரு முடிவுக்கு, காரணம் எழுதிய ஒற்றைத் தாளாவது இணைத்திருக்க வேண்டாமா?

பதிவில் எங்கே சறுக்குகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

மின்சாரப் பாவனையை எடுங்கள். ஒரு மின்மானியில் மூன்று குடும்பங்கள் வயர் இழுத்து எரிக்கிறார்கள். பட்டியல் 96 அலகு. மானி யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய படிவத்தில் 96 பதிவாகிறது. உண்மையில் அவர் பங்கு 32 அலகு. 'கரண்ட் பில் எவ்வளவு?' என்று கேட்டார்கள், பட்டியலைக் காட்டினார், எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. இதைத் திருத்த, அந்த மானியில் எத்தனை குடும்பம், யார் யார் என்று குடும்பத் தலைவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கத்துடன் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய கடிதம் வேண்டும். கடைசி ஒரு மாதப் பட்டியல் போதாது; கிடைக்கும் மட்டும் பன்னிரண்டு மாதப் பட்டியல்களையும் இணையுங்கள். ஒரு மாதம் வீட்டில் சடங்கு, ஒரு மாதம் மானி வாசிக்காமல் மதிப்பீட்டில் போட்ட பட்டியல் என்று வரும். அந்த ஒரு மாதமே உங்கள் விதியாகிவிடக் கூடாது.

காணி இன்னொன்று. உறுதியில் எட்டுப் பரப்பு என்றிருக்கும். ஆனால் அது தாய்வழி வந்த, பிரிக்கப்படாத காணி. ஏழு சகோதரருக்கும் பங்கு. கணக்கெடுப்பில் எட்டுப் பரப்பும், அதாவது அரை ஏக்கர், ஒருவர் தலையில் ஏறிவிடும். அவருக்கு உரித்தானது ஒரு பரப்புச் சொச்சம், பத்துப் பதினொரு பேர்ச்சஸ். மேன்முறையீட்டில் 'காணி எனக்கு இல்லை' என்று எழுதினால் உறுதி உங்களைப் பொய்யராக்கிவிடும். 'பிரிக்கப்படாத ஏழில் ஒரு பங்கு' என்று எழுதி, உறுதியின் பிரதியில் பங்குதாரர் பெயர்கள் வரும் பக்கத்தையும் வையுங்கள்.

மோட்டார் சைக்கிள் விற்றுப் பத்து வருடமாகியிருக்கும். 'ஓப்பன் பேப்பரில்', அதாவது பதிவில் பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட தாளோடு கொடுத்தது. வாங்கியவர் கைமாற்றி, அவரும் கைமாற்றி, வண்டி எந்த மாவட்டத்தில் ஓடுகிறதோ தெரியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் பெயர் இன்னும் உங்களுடையதுதான். 'விற்றுவிட்டேன்' என்ற வாய்ச்சொல்லுக்குப் பெறுமதி இல்லை. வண்டி இலக்கத்தைக் குறிப்பிட்டு, கைமாற்றிய விபரத்தைத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்து, அந்த அறிவிப்பின் பிரதியை மேன்முறையீட்டுடன் சேர்ப்பதுதான் வழி. இதில் அலைச்சல் அதிகம் என்பது உண்மை. ஆனால் அஸ்வெசுமவுக்கு மட்டுமல்ல, அந்த வண்டி நாளை விபத்தில் சிக்கினாலும் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

மாதச் செலவு எவ்வளவு என்ற கேள்வியில் சனம் தானாகவே மாட்டிக்கொள்கிறது. நுண்கடன் தவணை, சீட்டுக் காசு, கடைக் கொப்பியில் ஏறிய பழைய கடனுக்குக் கட்டியது எல்லாவற்றையும் கூட்டி '45 ஆயிரம் போகுது' என்று ஒரு பெருமூச்சோடு சொல்வார்கள். சொல்பவருக்கு அது கஷ்டத்தின் கணக்கு. படிவத்தில் விழும்போது அது வசதியின் கணக்கு. கடனடைப்பு நுகர்வுச் செலவாகாது. சாப்பாடு, மருந்து, பள்ளிக்கூடம், பஸ் என்று தனியாகவும், கடன் தவணையைத் தனியாகவும் பிரித்து எழுதிக் கொடுங்கள். தவணை அட்டையின் பிரதியை வைத்தால் வாதம் முடிந்தது.

குடும்பத்தில் எத்தனை பேர் என்பதும் அப்படியே. ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். கலியாணம் செய்து போன மகளும், கட்டாருக்குப் போன மகனும் பழைய வாக்காளர் இடாப்பைப் பார்த்து உள்ளே சேர்க்கப்பட்டிருப்பார்கள். உழைக்கும் ஆட்கள் கூடிவிட்டதாகக் கணக்கு சொல்லும். மறுபக்கம், பக்கவாதத்தில் படுத்திருக்கும் தகப்பன் 'நோய் இல்லை' என்று பதிவாகியிருப்பார், ஏனென்றால் கணக்கெடுப்பாளர் வந்தபோது கிளினிக் கொப்பி கைக்கெட்டவில்லை. நீண்டகால நோய்க்கு ஆதாரம் கிளினிக் கொப்பியும் வைத்தியசாலை தந்த நோய் நிர்ணய அட்டையும்தான். மருந்துக் கடைப் பற்றுச்சீட்டு அல்ல.

அடையாள அட்டை விடயத்தில் ஒரு சிறு குறிப்பு. பழைய ஒன்பது இலக்க அட்டையும் புதிய பன்னிரண்டு இலக்க அட்டையும் வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் ஒருவருடையதுதானா என்ற சந்தேகம் வங்கியிலும் வருகிறது, செயலகத்திலும் வருகிறது. பழைய எண்ணின் முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் சேர்த்து, கடைசி எழுத்தை விட்டால் புதிய எண் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ பிழையாக எழுதியிருக்கிறார்கள். பெண்களுக்கு, பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் 500 ஐத் தாண்டியிருக்கும். அதை வைத்தும் ஒரு பார்வையில் பிழை பிடிக்கலாம். தெரிவாகியும் வங்கிக் கணக்குக்குக் காசு வராத பலருடைய சிக்கல் இந்த ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கிறது. அவர்கள் மேன்முறையீடு எழுதத் தேவையில்லை, திருத்தக் கோரிக்கை போதும்.

இனி, திருத்த முடியாத ஒன்றையும் சொல்லவேண்டும். மலையகத்தில் லயத்துக் காம்பராவின், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையின், சுவர் எதனால் ஆனது என்று கேட்டால் 'கல்' என்பதே உண்மையான பதில். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர் உறுதியானதுதான். அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் ஏழு பேர் படுப்பதும், கூரைத் தகரம் ஒழுகுவதும், வீடு தோட்டத்துக்குச் சொந்தமென்பதும் அந்த ஒரு கேள்விக்குள் தெரியாது. 'சொந்த வீடு' என்று பதிவாகியிருந்தால் அதை மேன்முறையீட்டில் மாற்றலாம்; தோட்ட நிர்வாகத்தின் கடிதம் போதும். சுவர்க் கேள்வியை மாற்ற முடியாது. அது அளவுகோலின் குறை, வர்த்தமானியில்தான் திருத்தவேண்டும். தனிமனிதன் கடிதத்தால் தீராத இந்த வகையைத் தொழிற்சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கையில் எடுக்கவேண்டும். வருடாவருடம் படிவம் நிரப்பிக் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடாது.

மேன்முறையீட்டை எப்படி எழுதுவது? முதல் வரியில் விண்ணப்ப இலக்கம், குடும்பத் தலைவரின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி, கிராம உத்தியோகத்தர் பிரிவு. எதற்கான மேன்முறையீடு என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள்; குடும்பக் கொடுப்பனவு வேறு, முதியோர், மாற்றுத்திறனாளி, சிறுநீரக நோயாளர் கொடுப்பனவுகள் வேறு. பிறகு ஒரு பிழைக்கு ஒரு பந்தி: 'இன்ன கேள்விக்கு இன்ன பதில் பதிவாகியுள்ளது. சரியான பதில் இது. ஆதாரம் இணைப்பு 1.' அவ்வளவுதான். கணக்கெடுப்பு நாளில் இருந்த நிலையையும் அதற்குப் பிறகு நடந்ததையும் ஒரே பந்தியில் கலக்காதீர்கள். புருஷன் போன மாதம் இறந்தது பதிவின் பிழை அல்ல, நிலைமை மாற்றம். இறப்புச் சான்றிதழோடு தனியாகக் கேட்கவேண்டியது. கலந்து எழுதினால் 'அன்று பதிந்தது சரிதான்' என்ற ஒரே பதிலில் இரண்டையும் தள்ளிவிடுவார்கள்.

இரண்டு பிரதி எடுங்கள். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபால். இணையத்தில் அனுப்பினால் கடைசித் திரையைப் படமெடுத்து வையுங்கள். 'ஜீ.எஸ். ஐயாவிடம் (கிராம உத்தியோகத்தரிடம்) கொடுத்தேன்' என்பது ஆதாரமல்ல.

பதிவில் என்ன பதில் இருக்கிறது என்று தெரியாமல் இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல இடங்களில் உத்தியோகத்தர் திரையைப் பார்த்து வாய்மொழியாக ஒன்றிரண்டு சொல்வார், பிரதி தரமாட்டார். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்கள் குடும்பத்தின் பதிவைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை அவரே எழுத்தில் எடுக்கவேண்டும், பெற்றதற்குப் பற்றுச்சீட்டும் தரவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அந்த மறுப்பை மீள்பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம். கேட்கும்போது 'ஏன் என்னை நிராகரித்தீர்கள்' என்று கேட்காதீர்கள். அது விளக்கம், பொறுப்பாகப் பதில் வராது. 'எனது விண்ணப்பத்தில் 22 குறிகாட்டிகளுக்கும் பதிவாகியுள்ள பதில்களின் பிரதி' என்று கேளுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 14 வேலை நாள் என்றால் கிட்டத்தட்ட மூன்று வாரம். மேன்முறையீட்டுக்கான காலம் அதற்குள் முடிந்துவிடலாம். ஆகவே பிரதிக்குக் காத்திருக்காமல், சந்தேகமுள்ள கேள்விகளைக் குறிப்பிட்டு மேன்முறையீட்டை முதலில் போடுங்கள். அதே நாளில் தகவல் கோரிக்கையையும் போட்டு, 'பதிவின் பிரதி கிடைத்ததும் மேலதிக விபரம் சமர்ப்பிப்பேன்' என்று மேன்முறையீட்டின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.

ஆட்சேபனை பற்றியும் ஒரு சொல். தெரிவானவர்களுக்கு எதிராக ஆட்சேபனை கொடுக்க இடமிருப்பது நல்லது. ஆனால் வேலிச் சண்டைக்கும் இது பயன்படுகிறது. ஆட்சேபனைக்கு ஆளானவருக்கு அதன் உள்ளடக்கத்தை எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தராமல் கொடுப்பனவை நிறுத்துவது அநீதி. கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் கேளுங்கள்; அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை தரும் உரிமை அது.

அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபையிடம் நாங்கள் கேட்பது இதுதான். பதில்கள் ஏற்கனவே கணினியில் இருக்கின்றன. முடிவை அறிவிக்கும்போது அந்த 22 பதில்களையும் அவரவர் மொழியில் ஒரு தாளில் அச்சிட்டு, பெற்ற புள்ளியையும் பிரிவின் எல்லைப் புள்ளியையும் அடியில் எழுதி, குடும்பத் தலைவரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். மேன்முறையீட்டுக் காலத்தை அந்தக் கையொப்பத் திகதியிலிருந்து எண்ணுங்கள், பெயர்ப்பட்டியல் கொழும்பில் வெளியான நாளிலிருந்து அல்ல.

இப்படிக்கு,
விண்ணப்பங்கள் எழுத உதவும் தொண்டர்கள்,
வட, மத்திய மாகாணங்கள்.