காபி இல்லாத டிராமிசு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. நீ கேட்ட காபி இல்லாத டிராமிசுவை என் கையால் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். அதனால்தான் பதில் தாமதமாயிற்று. இந்த இரண்டு வாரத்தில் மூன்று முறை செய்துவிட்டேன். மருத்துவர் காபியை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார், இனிமேல் டிராமிசு எனக்கு இல்லை என்று நீ எழுதியிருந்த அந்த ஒரு வரி என்னை மிகவும் வருத்தியது. காபியில் நனைத்த பிஸ்கெட்டையும் கிரீமையும் அடுக்கிச் செய்யும் இத்தாலிய இனிப்பு; ஒரே தட்டில் இரண்டு கரண்டி வைத்து நாம் சாப்பிட்டது அல்லவா அது! அதனால், எலுமிச்சை டிராமிசுவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம், எனக்கு எங்கே தவறிப்போயிற்று என்பதையும் சேர்த்து, இந்தக் கடிதத்தில் எழுதிவிடுகிறேன்.

காபி இல்லாமல் அதை டிராமிசு என்று சொல்லலாமா என்று நீ நிச்சயம் கேட்பாய். எனக்கும் முதலில் அந்தத் தயக்கம் இருந்தது. ‘என்னை மேலே தூக்கிவிடு’ என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். வட இத்தாலியில் திரெவிசோ என்ற நகரத்தில், லே பெக்கெரியே என்னும் உணவகத்தில், 1970களின் தொடக்கத்தில் அது பிறந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். பக்கத்து மாநிலமான ஃப்ரியூலி வெனேசியா ஜூலியாவின் மக்கள், இல்லை, அது எங்கள் ஊர் இனிப்பு என்று விடாமல் வாதிடுகிறார்கள். 2017இல் இத்தாலிய வேளாண்மை அமைச்சகம் அதை அந்த மாநிலத்தின் பாரம்பரிய உணவுகளின் பட்டியலில் சேர்த்தபோது திரெவிசோ பக்கத்தில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. எந்த ஊர் என்பது எப்படியானாலும், திரெவிசோவின் மூலச் செய்முறையில் மஸ்கர்போனே என்னும் கெட்டியான கிரீம் சீஸ், முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, விரல் வடிவ சவோயார்டி பிஸ்கெட், காபி, கோகோ ஆகியவை மட்டுமே இருந்தன; மது கிடையாது. அதில் காபியின் வேலை என்ன என்று யோசித்துப் பார். மஸ்கர்போனேயின் கொழுப்பும் சர்க்கரையின் இனிப்பும் நாக்கில் திகட்டிவிடாமல், கசப்பைக் கொண்டு அவற்றை வெட்டிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. அந்த வேலையைப் புளிப்பாலும் செய்ய முடியும். நனைந்த பிஸ்கெட்டும் மஸ்கர்போனே கிரீமும் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து ஓர் இரவு ஊறினால் அது டிராமிசுதான் என்பது என் தீர்மானம்.

ஆனால் கசப்பு அடக்கமானது, புளிப்பு அப்படியல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் முதல் முறை எல்லாவற்றையும் கெடுத்தேன். காபி டிராமிசுவில் செய்வதுபோலவே செய்துகொண்டு, குளிர்ந்த மஸ்கர்போனேயில் அரைக் கோப்பை எலுமிச்சைச் சாற்றை அப்படியே ஊற்றி, மின்சார பீட்டரை முழு வேகத்தில் ஓட்டினேன். முதல் சில நொடி கிரீம் கெட்டியானது. அடடா, எவ்வளவு எளிது என்று நினைத்தேன். அடுத்த கணமே அதன் பளபளப்பு மங்கி, ஓரங்களில் ரவைபோல் சிறு சிறு திப்பிகள் தெரியத் தொடங்கின; கிண்ணத்தைச் சாய்த்தால் ஒரு பக்கம் மங்கலான தண்ணீர் ஓடியது. அமிலம் பட்டதும் அதிலுள்ள புரதம் திரண்டுவிட்டது. வேகமாக அடித்ததில் கொழுப்பும் ஒன்றோடொன்று ஒட்டி நீரைப் பிரித்துவிட்டது. திரிந்துபோன பிறகு எவ்வளவு கலக்கினாலும் அது பழைய பதத்துக்கு வரவில்லை.

இத்தனைக்கும், மஸ்கர்போனேயே எலுமிச்சையின் உதவியால் செய்யப்படுவதுதான். கொழுப்பு மிகுந்த கிரீமைச் சுமார் 85 டிகிரிக்குச் சூடாக்கி, அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, சில நிமிடம் மெல்லக் கலக்கி, ஆறவைத்துத் துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வடியவிட்டால் போதும். உனக்குக் கடையில் கிடைக்கவில்லையென்றால் இப்படியே செய்துகொள். சிறிதளவு, சூட்டில், நிதானமாகச் சேரும்போது அதைத் திரட்டிக்கொடுக்கும் அதே சாறு, குளிரில் ஒரேயடியாக விழும்போது குலைத்துவிடுகிறது. எனவே எலுமிச்சையை எங்கே, எந்த உருவத்தில் சேர்ப்பது என்பதுதான் இந்த இனிப்பின் முழு வித்தை என்று எனக்குப் பட்டது.

எலுமிச்சையில் இரண்டு பொருள் இருக்கிறது. மணம் தோலில், புளிப்பு சாற்றில். இதை எனக்குத் தெளிவாக்கியது லிமோன்செல்லோ என்னும் எலுமிச்சை மது. தென் இத்தாலியில் சொரெந்தோ, அமால்ஃபி கடற்கரைப் பகுதிகளில், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, கஷ்கொட்டை மரக்கழிகளால் பந்தல் கட்டி எலுமிச்சை வளர்க்கிறார்கள். அந்தப் பழத்தின் மஞ்சள் தோலை மட்டும் சாராயத்தில் ஊறப்போட்டு, சர்க்கரைப் பாகு சேர்த்து எடுப்பதே லிமோன்செல்லோ. அதில் ஒரு துளி சாறு கூடச் சேர்வதில்லை, ஆனாலும் மூடியைத் திறந்தால் எலுமிச்சை மணம் அறை முழுவதும் பரவும். நீ மது சேர்க்க மாட்டாய் என்பதால் அது உனக்குத் தேவையில்லை, அதனால் குறையும் இல்லை. தோலைத் துருவிச் சர்க்கரையோடு சேர்த்து விரல் நுனியால் ஐந்து நிமிடம் கசக்கு. சர்க்கரை மெல்ல ஈரமாகி, கடற்கரை மணல்போல் கையில் ஒட்டி, வெளிர் மஞ்சளாக மாறும். தோலின் எண்ணெய் முழுவதும் அதில் இறங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மஞ்சள் பகுதியை மட்டும் துருவு. அடியில் இருக்கும் வெள்ளைச் சதை சிறிது கலந்தாலும், மறுநாள் அந்தக் கசப்பு நாக்கின் பின்பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மெழுகு பூசிய பழமாக இருந்தால், துருவுவதற்கு முன் வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடு.

புளிப்பைக் கிரீமுக்குள் கொண்டுபோக லெமன் கர்ட், அதாவது முட்டையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டிக் குழம்பு, வேண்டும். நான்கு மஞ்சள் கரு, துருவலோடு கசக்கிய 100 கிராம் சர்க்கரை, 80 மில்லி சாறு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை ஸ்டீல் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தில் கலந்துகொள்; அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அமிலம் அதைத் தின்று உலோகச் சுவையைக் கொடுத்துவிடும். கொதிக்கும் நீருக்கு மேல், அடிப்பகுதி நீரைத் தொடாதபடி கிண்ணத்தை வைத்து, கையை எடுக்காமல் கிளறு. பத்து நிமிடம் வரைக்கும் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு மேலே இருக்கும் நுரை அடங்கும், கரண்டி போகும் தடம் ஒரு கணம் நின்று பிறகு மூடும். கரண்டியின் முதுகில் தோய்த்து விரலால் ஒரு கோடு இழு. கோடு வழியாமல் அப்படியே நின்றால் இறக்கிவிடலாம். வெப்பமானி இருந்தால் 77 முதல் 80 டிகிரி வரை. அதற்கு மேல் போனால் முட்டை வெந்து திரிதிரியாகும். உடனே வடிகட்டி, சிறிது சூடு தணிந்ததும் 60 கிராம் வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கரை. மேற்பரப்பில் ஆடை படியாமல் இருக்க பிளாஸ்டிக் தாளை அதன்மேலேயே ஒட்டிப் போட்டு முழுவதும் குளிரவிடு. வெதுவெதுப்பாக மஸ்கர்போனேயில் சேர்த்தால் அது இளகி ஓடும்.

இதில் உனக்கு வேறொரு நிம்மதியும் இருக்கிறது. பழைய முறை டிராமிசுவில் மஞ்சள் கரு பச்சையாகவே சேரும்; உன் வீட்டில் வயதானவர்கள் இருப்பதால் அதைச் செய்ய எப்போதும் பயந்தாய். முட்டையில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா கிருமி 71 டிகிரியில் அழிந்துவிடும். கர்ட் அதைத் தாண்டிச் சூடாகிறது. சிலர் அடித்துச் சேர்க்கும் வெள்ளைக் கருவுக்குப் பதிலாக விப்பிங் கிரீம் சேர்த்துவிட்டால் பச்சை முட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கிரீமுக்கு 250 மில்லி விப்பிங் கிரீமை 60 கிராம் சர்க்கரையோடு, நுனி வளையும் பதம் வரை அடித்துத் தனியே வை. 500 கிராம் மஸ்கர்போனேயைக் கால் மணி நேரம் வெளியே வைத்திருந்து, மர அகப்பையால் இளக்கி, கர்ட்டில் மூன்றில் இரண்டு பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர். பீட்டரைத் தொடவே வேண்டாம். மஞ்சள் கருவும் வெண்ணெயும் சூழ்ந்துகொண்ட நிலையில் அமிலம் உள்ளே போவதால், முதல் முறை நான் பார்த்த அந்த விபரீதம் இப்போது நேர்வதில்லை. பிறகு அடித்த கிரீமை மூன்று தவணையாக, கீழிருந்து மேலாக மடித்துக் கலந்தால் முடிந்தது.

பிஸ்கெட்டை நனைப்பதுதான் எனக்கு இரண்டாம் முறை கைகொடுக்காமல் போன இடம். காபியில் நனைக்கும்போது நிறமே நமக்கு வழிகாட்டும். எவ்வளவு தூரம் உறிஞ்சியிருக்கிறது என்று பழுப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். எலுமிச்சைப் பாகு கண்ணுக்குத் தெரியாது. நனையவில்லை என்று நினைத்து நான் மேலும் ஒரு நொடி விட்டேன். மறுநாள் அடித்தட்டு களியாகிவிட்டது. அதனால் கண்ணை நம்பாமல் எண்ணிக்கையை நம்பு. 200 மில்லி தண்ணீரில் 80 கிராம் சர்க்கரையும் சில தோல் சீவல்களும் போட்டுக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகு 60 மில்லி சாறு சேர்த்துக்கொள். சாற்றைக் கொதிக்கவிட்டால் புதுமணம் போய், சமைத்த வாடை வந்துவிடும். பாகு அகலமான தட்டில் இருக்கட்டும். ‘ஒன்று’ என்று சொல்லும் நேரத்துக்குள் ஒரு பக்கம், திருப்பி மறுபக்கம், உடனே எடுத்துவிடு. முதல் பிஸ்கெட்டை நனைத்ததும் நடுவில் உடைத்துப் பார். உள்ளே பென்சில் கனத்துக்கு உலர்ந்த வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். இரவு முழுவதும் கிரீமின் ஈரம் மெல்ல இறங்கி அந்தக் கோட்டை அழித்துவிடும்.

அடுக்குவதில் சொல்ல அதிகம் இல்லை. 20 சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிஸ்கெட், கிரீம், மறுபடி பிஸ்கெட், கிரீம். மீதமிருக்கும் கர்ட்டை நடு அடுக்கில் அங்கங்கே கரண்டியால் வைத்துவிடு, பரப்ப வேண்டாம். பரப்பினால் எல்லா வாயும் ஒரே மாதிரி புளிக்கும். இப்படி வைத்தால் இனிப்பாகப் போய்க்கொண்டிருக்கும் நாக்கில் திடீரென்று ஓரிடத்தில் சுள்ளென்று ஏறும். எனக்கு இதில் பிடித்ததே அந்த இடம்தான். மேலே வெள்ளை சாக்லேட் துருவிப் போடும் வழக்கம் உண்டு. அது தேவையில்லாத இனிப்பு, மணத்தையும் அமுக்கிவிடுகிறது. புதிதாகத் துருவிய தோல் போதும். அதையும் பரிமாறும் நேரத்தில்தான் தூவ வேண்டும், முன்கூட்டியே தூவினால் காய்ந்து சருகாகிவிடும்.

குறைந்தது எட்டு மணி நேரமாவது குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்திரு. மூன்றாம் முறை செய்ததை நான்கு மணி நேரத்தில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன். பிஸ்கெட் தனியாகவும் கிரீம் தனியாகவும் புளிப்பு தனியாகவும் இருந்தன. மறுநாள் காலையில் அதே பாத்திரத்தில் கரண்டியை இறக்கினேன். எங்கே ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கைக்குத் தெரியவில்லை, வெட்டிய பக்கத்தில் மட்டும் கோடுகள் தெளிவாக நின்றன. வாயில் வைத்ததும் முதலில் தோலின் மணம், அதன் பின்னால் பால் சுவை, கடைசியில் மெல்லிய புளிப்பு என்று வரிசையாக வந்தன. உன் முகம்தான் அப்போது நினைவுக்கு வந்தது.

இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்; மூன்றாம் நாள் அடியில் நீர் கட்டத் தொடங்குகிறது. முதல் துண்டு எப்போதும் உடைந்துதான் வரும், அதை நீ எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு முழுத் துண்டுகளைக் கொடு. உன் அடுப்பில் கர்ட் எத்தனை நிமிடத்தில் பதத்துக்கு வந்தது என்பதையும், புளிப்பு உன் வீட்டாருக்குப் போதுமாக இருந்ததா, கூடிப்போனதா என்பதையும் மறக்காமல் எழுது. அடுத்த முறை நான் சாற்றை 70 மில்லியாகக் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் தோழி