எந்த ஈயம் என்று எழுதுங்கள்: ஆய்வுக்கூடப் பாதுகாப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு உயர்கல்வி நிலையங்களின் ஆய்வுக்கூடப் பாதுகாப்புக் குழுவினருக்கு,

வணக்கம். இயற்பியல் ஆய்வுக்கூடமொன்றில் உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். காமாக் கதிர்களைத் தடுப்பதற்காக அடுக்கப்படும் காரீயக் கற்களைப் பல ஆண்டுகள் தூக்கி இறக்கியிருக்கிறேன்.

ஒரு மாலை, அந்தக் கற்களை நகர்த்திய இடத்தில் படிந்திருந்த சாம்பல்நிறத் தூசியைத் துப்புரவுப் பணியாளரான அம்மா ஒருவர் விளக்குமாற்றால் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் பதறித் தடுத்தபோது, "ஈயந்தானே தம்பி? எங்க பாட்டன் கம்பார் லம்பத்துல தோண்டுனதுதானே? ரசமே ஈயச் சொம்புலதான் வைக்கிறேன்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. கம்பார் லம்பத்தில், அதாவது சுரங்கத்தில், தோண்டியதும் ரசச் சொம்பும் வெள்ளீயம்; அவர் பெருக்கிய தூசியோ நச்சு உலோகமான காரீயம். ஆனால் சுவரில் ஒட்டியிருந்த தமிழ் அறிவிப்போ 'ஈயம், கவனம்' என்பதோடு நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த மலாய் அறிவிப்பு 'தீமா ஹீத்தாம்' (கறுப்பு ஈயம்) என்று கறுப்பையாவது குறிப்பிட்டிருந்தது.

ஆகவே என் முதல் வேண்டுகோள், அறிவிப்புகளில் காரீயம் என்றே எழுதி, பள்ளியில் படித்தோர் அறிந்த பிளம்பம் என்ற பெயரையும் சேர்த்து, அது சமையலறை ஈயம் அன்று என்பதை ஒரு வரியில் சொல்ல வேண்டும் என்பதே.

இருபது செ.மீ. நீளமும் பத்து செ.மீ. அகலமும் ஐந்து செ.மீ. தடிமனும் உள்ள ஒரு காரீயக் கல் ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ளது. அது காலில் விழுந்துவிடுமோ என்றுதான் எல்லாரும் அஞ்சுகிறார்கள். அதைவிடப் பெரிய கேடு, கல்லின் மேற்பரப்பு காற்றோடு வினைபுரிந்து உதிர்க்கும் நுண்தூசியில் இருக்கிறது. உலோகக் காரீயம் தோல் வழியே எளிதில் உட்செல்வதில்லை. தூசி படிந்த கையிலிருந்து வாய் வழியாகவும், மூச்சு வழியாகவும்தான் செல்கிறது. கற்களுக்குச் சாயம் பூசினாலோ உறையிட்டாலோ இத்தூசியைப் பெரிதும் குறைக்கலாம். உலர்ந்த விளக்குமாறும் சாதாரணத் தூசியுறிஞ்சியும் அதைக் காற்றில் பரப்பிவிடும் என்பதால், ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அல்லது நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய உறிஞ்சியைப் பயன்படுத்த வேண்டும். துடைத்த துணி பொதுக் குப்பைக்குப் போகக்கூடாது. கை துடைக்க எங்கும் வைக்கப்பட்டிருக்கும் சாராயக் களிம்பு (சானிடைசர்) காரீயத்தை அகற்றாது. சோப்பும் ஓடும் நீரும் வேண்டும்.

கரைசல்களின் கதை வேறு. பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளாலான சூரிய மின்கலங்களை ஆராயும் மாணவர்கள் காரீய அயோடைடை டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானில் கரைக்கிறார்கள். அந்தக் கரைப்பான் வழக்கமான நீலநிற நைட்ரைல் கையுறையை விரைவில் ஊடுருவித் தோலுக்குள்ளும் புகக்கூடியது. நீலக் கையுறையை மாட்டிவிட்டோம் என்ற நிம்மதி அங்கே போலியானது; பியூட்டைல் ரப்பர் கையுறைதான் பொருந்தும்.

உடலுக்குள் சென்ற காரீயம் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மாதம் ஆகலாம். எலும்பில் படிந்ததோ பல பத்தாண்டுகள் தங்கி, கருவுற்ற காலத்தில் மீண்டும் இரத்தத்தில் கலந்து சிசுவைச் சென்றடையும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்றே உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. விழுங்கிய காரீயத்தைச் சிறு பிள்ளைகள் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுவதால், ஆய்வுக்கூட மேலங்கியை வீட்டுக்கு எடுத்துச் சென்று பிள்ளைகளின் துணியோடு துவைக்கும் வழக்கம் (நானும் செய்திருக்கிறேன்) உடனே நிற்க வேண்டும்.

ஆய்வாளர்களுக்குப் பயிற்சியும் இரத்தப் பரிசோதனையும் ஏற்பாடு செய்யும்போது, குத்தகை நிறுவனத்தின் வழி வரும் துப்புரவுப் பணியாளர்களின் பெயர்கள் பட்டியலில் வருவதேயில்லை. திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள மலேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தம் பணிப்பின்கீழ் வேலை செய்யும் குத்தகையாளரின் ஊழியர்களைக் காக்கும் கடமையைக் குத்தகைக்கு வேலை தருவோர் மீதும் சுமத்துகிறது. 'அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர்' என்ற பதிலை இனியும் ஏற்பதற்கில்லை. காரீயம் புழங்கும் அறைகளைப் பெருக்குவோருக்கு, அவரவர் அறிந்த மொழியில், வேலை தொடங்கும் முன்பே விளக்கம் தரப்பட வேண்டும்.

தமிழ் அறிவிப்புகளின் வாசகத்தைத் திருத்தித் தர ஊதியம் எதிர்பாராமல் அணியமாக இருக்கிறேன். அடுத்த பருவம் தொடங்குமுன் உங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஆய்வுக்கூட உதவியாளர்,
பினாங்கு