விளையாட்டுக் காசு ரூபாயாக மாறும் இடத்தில் காவல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் தங்கள் வங்கிக் கணக்கை மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக் கைதாகும் செய்திகளை உங்கள் இதழில் தொடர்ந்து படிக்கிறேன். பையன் கைதானதோடு செய்தி முடிந்துவிடுகிறது. பணம் எந்த வழியாகப் போனது, கடைசியில் என்னவாக மாறியது என்பது வருவதே இல்லை. நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிச் சில வருடங்கள் இந்த மாதிரிக் கணக்குகளைத் துருவிப் பார்ப்பதே என் வேலையில் பாதி. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

ஒரு கணக்கைப் பற்றிச் சொல்கிறேன். கல்வி உதவித்தொகைக்காகத் தொடங்கிய மாணவர் கணக்கு அது. உதவித்தொகை தவிர வேறு வரவே கிடையாது. ஒருநாள் காலையில் ஒரு ரூபாய் வந்து விழுந்தது. கணக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க அனுப்புவது அப்படித்தான். மதியம் வேறொரு மாநிலத்திலிருந்து 4 லட்சத்து 80 ஆயிரம் வந்தது. சில நிமிடங்களில் அது ஆறு கணக்குகளுக்குப் பிரிந்து போய்விட்டது. குறிப்பு எழுதும் இடத்தில் ஒன்றில் 'வீட்டு வாடகை' என்று இருந்தது, இன்னொன்றில் 'கைமாத்து' என்று இருந்தது. இப்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. பி2பி முறையில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக, யூஎஸ்டிடி என்ற டாலர் மதிப்புள்ள கிரிப்டோ காயினை விற்கிறவர்கள் வாங்குகிறவரிடம் முதலில் சொல்வதே, 'ரிமார்க்ஸில் கிரிப்டோ என்று போட்டுவிடாதீர்கள்' என்பதுதான். புகார் எங்கள் மேஜைக்கு வந்தபோது கணக்கில் மிச்சம் இருந்தது சில நூறு ரூபாய்.

பையனை வரச் சொன்னோம். அவன் அம்மாவும் கூட வந்திருந்தார். "கேம்ல பழக்கமான அண்ணன் ஒருத்தர் கேட்டார் மேடம்" என்றான். அந்த 'அண்ணன்' முதலில் இவனுடைய கேம் ஐடியை விலைக்கு வாங்கியிருக்கிறார், பணமும் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார். அப்புறம் யூசி எனும் விளையாட்டுக் காசைப் பாதி விலைக்குக் கொடுத்து, நண்பர்களுக்கு விற்றுத் தரச் சொல்லியிருக்கிறார். நன்றாக நம்பிக்கை வந்த பிறகுதான் ஏடிஎம் அட்டை, பாஸ்புக், சிம் மூன்றையும் கூரியரில் அனுப்பச் சொன்னார். அண்ணனின் முகத்தை இவன் பார்த்ததே இல்லை.

அந்தப் பாதி விலை யூசியை நாம் கவனிக்காமல் தாண்டிப் போகிறோம். யூசி என்பது விளையாட்டுக்குள் உடை, துப்பாக்கி அலங்காரம் போன்றவை வாங்குவதற்கான காசு. 100 ரூபாய்க்கு வாங்கியதை ஒருவர் 50 ரூபாய்க்கு ஏன் விற்க வேண்டும்? திருட்டு கார்டில் வாங்கியவனுக்கு அந்த 50 ரூபாயும் லாபம். அதை வாங்கும் பள்ளிப் பையன் கொடுப்பதோ அப்பாவின் யூபிஐயிலிருந்து வரும் நேர்மையான பணம். திருட்டுப் பணம் விளையாட்டுக்குள் போய், நல்ல பணமாக வெளியே வந்துவிட்டது. நடுவில் எந்த வங்கி ஊழியரும் எந்தப் படிவத்தையும் நிரப்பச் சொல்லவில்லை.

இதை என் ஊகம் என்று நினைக்க வேண்டாம். 'கவுண்டர் ஸ்ட்ரைக்' விளையாட்டை நடத்தும் அமெரிக்காவின் வால்வ் நிறுவனமே 2019 அக்டோபரில் இதைச் சொன்னது. அந்த ஆட்டத்தில் பெட்டி திறக்கும் சாவி ஒன்றின் விலை 2.49 டாலர். அப்போது வீரர்கள் அதை ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ள முடிந்தது. உலகளாவிய மோசடிக் கும்பல்கள் தங்கள் பணத்தை மாற்றுவதற்கு இந்தச் சாவிகளைப் பிடித்துக்கொண்டன என்றும், கைமாறும் சாவிகளில் ஏறக்குறைய எல்லாமே மோசடிப் பணத்தில் வாங்கியவை என்று நம்புவதாகவும் நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பிறகு விளையாட்டுக்குள் வாங்கும் புதிய சாவிகளைக் கைமாற்ற முடியாதபடி செய்துவிட்டது. ஒரு விளையாட்டு நிறுவனம் நினைத்தால் கதவைச் சாத்த முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இதைவிட முக்கியமாக நம் அதிகாரிகள் படிக்க வேண்டியது கோஸ்டா ரிகாவில் இயங்கிய லிபர்ட்டி ரிசர்வ் என்ற இணையக் காசு நிறுவனத்தின் கதை. 2013 மே மாதம் அமெரிக்கா அதை மூடியபோது சொன்ன கணக்கு: 10 லட்சத்துக்கு மேல் பயனர்கள், சுமார் 5.5 கோடி பரிவர்த்தனைகள், வெள்ளையாக்கிய பணம் 600 கோடி டாலருக்கு மேல். ரகசியமாகச் சோதிக்கப் போன புலனாய்வு அதிகாரி 'போலி ஜோ' என்று பொருள்படும் பெயரில் கணக்குத் தொடங்கினார். போலித் தெரு, கற்பனை நகரம் என்று பொருள்படும் முகவரியைக் கொடுத்தார். பணம் அனுப்பும் காரணம் கொக்கைன் என்றே எழுதினார். அத்தனையும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. முகவரிச் சான்றில் கதவு எண் தெளிவாக இல்லை என்று பென்ஷன்தாரரையே திருப்பி அனுப்பும் துறையில் வேலை பார்த்த எனக்கு, இதைப் படித்தபோது வயிறு எரிந்தது. 75 சென்ட் கூடுதலாகக் கட்டினால் பரிவர்த்தனையில் கணக்கு எண்ணைக்கூட மறைத்துக்கொள்ளலாம். நிறுவனர் ஆர்தர் புடோவ்ஸ்கிக்கு 2016-இல் 20 ஆண்டு சிறை கிடைத்தது.

ஆனால் அதில் நமக்கு உள்ள பாடம் போலிப் பெயர் மட்டும் இல்லை. லிபர்ட்டி ரிசர்வ் யாரிடமும் நேரடியாகப் பணம் வாங்கியதில்லை. மலேசியா, ரஷ்யா, நைஜீரியா, வியட்நாம் என்று பல நாடுகளில் இருந்த இடைத்தரகர்கள்தான் பணத்தை வாங்கி அதன் காசாக மாற்றிக் கொடுத்தார்கள். அதனால் யார் பணம் எங்கிருந்து வந்தது என்ற ஏடு நிறுவனத்திடம் இருக்கவில்லை. இன்றைய பி2பி வியாபாரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. நம் ஊரில் உண்டியல், ஹவாலா என்று சொல்வோமே, அதன் செல்போன் வடிவம் இது. ரூபாய் இங்கேயே இரண்டு பேருக்கு இடையில் கைமாறும், எல்லையைத் தாண்டிப் போவது காயின் மட்டும்.

கிரிப்டோ வந்துவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாது என்று என் பழைய சக ஊழியர்களே சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிட்ஃபினெக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து 2016-இல் 1,19,754 பிட்காயின்கள் திருடு போயின. 2022 பிப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகள் 94,000-க்கு மேல் மீட்டார்கள். அன்றைய மதிப்பில் 360 கோடி டாலர். நியூயார்க்கில் வாழ்ந்த ஒரு கணவனும் மனைவியும் பிடிபட்டார்கள். அவர்களை நோக்கிப் போன தடங்களில் ஒன்று, அந்தப் பணத்தில் வாங்கிய 500 டாலர் வால்மார்ட் பரிசு அட்டை. காயின் கைமாறுவதெல்லாம் பதிவாகும் பொதுப் பேரேடு வருடக்கணக்கில் அழியாமல் அங்கேயே இருந்தது, கடையில் ஒரு பெயர் பதிவாகியிருந்தது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். 'ஆக்ஸி இன்ஃபினிட்டி' என்ற விளையாட்டின் காயின்கள் கைமாறும் ரோனின் வலையமைப்பிலிருந்து 2022 மார்ச்சில் 62 கோடி டாலர் அளவுக்குத் திருடியது வடகொரியாவின் லாசரஸ் கும்பல் என்று எஃப்பிஐ அடுத்த மாதமே அறிவித்தது. அதில் ஒரு பகுதி, சுமார் 3 கோடி டாலர், பின்னர் கைப்பற்றவும் பட்டது. ஆக, தடம் எப்போதும் இருக்கிறது. காசு காயினாகவும் காயின் காசாகவும் மாறும் இடத்தில் யாராவது பெயர் எழுதி வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் 2023 மார்ச் 7-இல் மத்திய நிதி அமைச்சகம் கிரிப்டோ பரிமாற்றத் தளங்களைச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நல்ல காரியம். வாடிக்கையாளரின் அடையாளம் சரிபார்ப்பது, சந்தேகப் பரிவர்த்தனைகளை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிப்பது எல்லாம் கட்டாயமானது. அந்த ஆண்டு டிசம்பரில் 9 வெளிநாட்டுத் தளங்களுக்கு நோட்டீஸ் போனது. 2024 ஜூனில் அவற்றில் ஒன்றான 'பைனான்ஸ்' (Binance) கிரிப்டோ தளத்துக்கு 18.82 கோடி ரூபாய் அபராதமும் விழுந்தது. ஆனால் அந்த அறிவிப்பின் வாசகத்தை நிதானமாகப் படித்தால் இடைவெளி தெரியும். தொழில் முறையில் 'இன்னொருவருக்காக அல்லது இன்னொருவர் சார்பில்' செய்யும் பரிமாற்றத்துக்குத்தான் அது பொருந்தும். தினமும் பல லட்சத்துக்கு யூஎஸ்டிடி விற்கும் பி2பி வியாபாரி, 'என் சொந்தக் காயினை நான் விற்கிறேன்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கிரிப்டோ போன்ற மெய்நிகர் சொத்து எது என்பதற்கு வருமான வரிச் சட்டத்தின் வரையறையையே அந்த அறிவிப்பு எடுத்துக்கொண்டது. 2022 ஜூன் 30-இல் வரித் துறை பரிசு அட்டை, வவுச்சர், ரிவார்டு புள்ளிகளை அந்த வரையறையிலிருந்து விலக்கியிருந்தது. வரி வசூலைப் பொறுத்தவரை அது சரியான முடிவுதான். தீபாவளிக்கு வந்த கிஃப்ட் கார்டுக்குப் போய், கிரிப்டோ லாபத்துக்கு உள்ள 30 சதவீத வரியைக் கேட்க முடியாது. ஆனால் வரிக்காகத் திறந்த அதே வாசல் பண மோசடிச் சட்டத்திலும் திறந்து கிடக்கிறது. டெலிகிராம் குழுக்களில் ரெடீம் கோடு, அதாவது பரிசு அட்டையின் ரகசிய எண், மொத்த வியாபாரம் நடப்பது அந்த வாசலில்தான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் பணம் கட்டி ஆடுவதைத்தான் தடுக்கிறது. திருட்டுப் பணத்தில் வாங்கிய யூசியைக் கைமாற்றி விற்பது அதில் வராது.

நான் கேட்பது இதுதான். ஒரு வரம்புக்கு மேல் பி2பியில் விற்கிறவர், தன் காயினோ அடுத்தவர் காயினோ, நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிந்தாக வேண்டும் என்று அறிவிப்பைத் திருத்த வேண்டும். விளையாட்டுக் காசையும் ரெடீம் கோடுகளையும் மொத்தமாக விற்பவர்கள், வாங்கியவர் பெயரையும் பணம் வந்த வழியையும் குறித்து வைக்க வேண்டும். விளையாட்டில் ஸ்கின் என்ற அலங்காரம் வாங்கும் சிறுவனிடம் ஆதார் கேட்கச் சொல்லவில்லை, மொத்த வியாபாரியிடம் கேளுங்கள் என்கிறேன். வங்கிகளில் வாடகைக் கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் மியூல்ஹண்டர் என்ற மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. அது சிவப்புக் கொடி காட்டினால் போதாது. உதவித்தொகைக் கணக்கில் திடீரென்று லட்சக்கணக்கில் பணம் வந்தால், வெளியே போகும் பணத்தைச் சில மணி நேரம் நிறுத்திவைக்கும் அதிகாரம் கிளை மேலாளருக்கு வேண்டும். இன்று அப்படி நிறுத்தினால் வாடிக்கையாளர் புகாருக்கு மேலாளர்தான் தனியாக நின்று பதில் சொல்கிறார்.

காவல் துறைக்கும் ஒரு வார்த்தை. பிட்காயினை நிறுத்தச் சொல்லிக் கேட்க ஆள் கிடையாது. ஆனால் யூஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் எந்த முகவரியில் உள்ள காயினையும் முடக்க முடியும், காவல் அமைப்புகள் கேட்டு முடக்கியும் இருக்கிறது. இங்கே அந்தக் கோரிக்கை சுற்றி வளைத்துப் போய்ச் சேர்வதற்குள் காயின் நான்கு கை மாறிவிடுகிறது. 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் வந்த அன்றைக்கே மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலிருந்து நேராகக் கேட்கும் ஏற்பாடு வேண்டும். கணக்கை வாடகைக்கு விட்ட பையனைப் பிடித்ததும், அவன் போனில் உள்ள கேம் உரையாடல்களையும் டெலிகிராம் குழுவையும் அன்றே பிரதி எடுத்துவிட வேண்டும். நான் பார்த்த ஒரு வழக்கில் இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழுவே இல்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கைதுச் செய்தி வரும்போது, அந்தப் பையனின் படத்தைப் போடுவதை விட்டுவிட்டு, போன பணத்தில் எவ்வளவு காயினாக மாறியது, எந்தத் தளத்தில் மாறியது, அந்தத் தளம் பதிவு பெற்றதா என்ற மூன்று கேள்விகளைக் காவல் துறையிடம் கேட்டுப் பதிலை வெளியிடுங்கள். பதில் சொல்லவில்லை என்றால் அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் கிளை மேலாளர்,
திண்டுக்கல்.