தண்ணீர் ஏறுமுன் ஒரு தோணி

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், ஊரவர்களுக்கும், வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் மட்டக்களப்பு கல்லடியிலிருந்து, கம்போடியாவில் தண்ணீருக்கு நடுவே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தோணி வாங்க உதவி கேட்டு, ஊழியத் துணைக் குழுவினர் எழுதுகிறோம்.

மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று அலுமினியப் பேசினுக்குள் காலை மடக்கி இருக்கிறது. நாங்கள் மீன் கழுவும் பேசின் அளவுதான். மடியில் புத்தகப் பை, நனையாமல் பொலித்தீனால் சுற்றியிருக்கிறது. துடுப்பு இல்லை. இரண்டு உள்ளங்கையாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளித்தான் அந்தப் பிள்ளை படிக்க வருகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பேசினின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளிகூட இல்லை. அந்தப் படத்தைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமைதான் இந்தக் குழு கூடியது.

மகள் என்று நாங்கள் சொல்வது எங்கள் சபையிலிருந்து கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போயிருக்கும் பிள்ளையை. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சரி, பெயர் வேண்டாம். ஆனால் அவள் யார் என்று தெரியாமல் நீங்கள் காசு தரக்கூடாது என்பது எங்கள் எண்ணம்.

நாவலடியில் பிறந்தவள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது அவளுக்கு இரண்டு வயது. தகப்பன் ஒரு கையால் தென்னையையும் மறு கையால் இவளையும் பிடித்துக்கொண்டு தப்பினார். தாயும் அண்ணனும் தப்பவில்லை. பிறகு அம்மம்மாதான் வளர்த்தார். பத்து வயது வரைக்கும் பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறினாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால், இவள் மட்டும் மற்றப் பிள்ளைகளின் செருப்புகளுக்குக் காவல் என்று தூரத்தில் நிற்பாள். அந்தப் பிள்ளை இப்போது இருப்பது தண்ணீருக்கு மேல் நிற்கும் ஒரு கிராமத்தில். தேவன் ஏன் என்னை இங்கே கொண்டுவந்தார் என்று முதல் மூன்று மாதமும் இரவில் அழுதேன் என்று அவளே எழுதினாள். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லையாம்.

தொன்லே சாப் ஏரியின் ஓரத்தில் அந்தக் கிராமம். ஏரியிலிருந்து ஓடும் ஆறு மழைக்காலத்தில் திசை மாறும். மேகோங் ஆறு பெருகி, அந்த ஆற்றையே ஏரிக்குள் திருப்பித் தள்ளும். வரட்சியில் ஒரு மீற்றர் அளவே ஆழமான ஏரி அப்போது எட்டு ஒன்பது மீற்றருக்கு ஏறி, பரப்பிலும் பல மடங்கு விரிந்துவிடும். அதனால் வீடுகளெல்லாம் உயரமான மரக்கால்களில் நிற்கின்றன. மாசியில் தெருவாக இருந்த இடம் புரட்டாசியில் வாவி. நமது வாவியிலும் மாரியில் தண்ணீர் ஏறும்தான், ஆனால் இது வேறு கணக்கு.

அங்கே அவளுடைய நாள் நாலரை மணிக்குத் தொடங்குகிறது. நுளம்பு வலைக்குள் இருந்தபடியே தமிழ் வேதாகமம், ஒரு சங்கீதம், ஜெபம். வீட்டுக்காரக் கிழவியின் தூக்கம் கலையாதபடி கீர்த்தனையை வாய்க்குள் பாடுவாள். பிறகு சோறும் மீனும். புறாஹொக் என்று ஒரு புளித்த மீன் களி இருக்கிறதாம், அங்கே எந்தக் கறியும் அது இல்லாமல் இல்லை. நம்மூர் ஜாடி மீனில் வளர்ந்தவளுக்கு அது ஒரு கிழமையில் பழகிவிட்டது. காலையில் கெமர் மொழி படிக்கிறாள். 33 மெய்யெழுத்து, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விடாத எழுத்து. அது பல்லவர் கால எழுத்தின் வழி வந்தது என்று அறிந்த நாளில் அவளுக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமே! பெண் ஆசிரியரை அங்கே 'நெயாக் க்ரூ' என்று கூப்பிடுவார்கள். அந்தக் 'க்ரூ' நமது குருதான்.

பின்னேரம் வாசிப்பறை. முப்பது பிள்ளைகள். எழுத்து, கணக்கு, பாட்டு, கை கழுவப் பழக்குவது. அந்த மக்களில் பெரும்பாலானோர் பௌத்தர்கள். வீடு வீடாகப் போய் மதம் பரப்ப அங்கே அனுமதி இல்லை, அவளும் அதற்காகப் போகவில்லை. நீ ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்று யாராவது கேட்டால் மட்டும் இயேசுவைப் பற்றிச் சொல்வாள். கேட்டவர்களில் முதலாவது ஆள் அந்த வீட்டுக்காரக் கிழவி. 1975க்கும் 1979க்கும் இடையில், கெமர் ரூஜ் என்ற கொடூர ஆட்சியின் காலத்தில், மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். ஒரு இரவு இவள் நாவலடியைப் பற்றித் தெரிந்த அரைகுறைச் சொற்களில் சொன்னாள். கிழவி ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய்த் தன் பாயை இழுத்துக்கொண்டு வந்து இவளுக்குப் பக்கத்தில் போட்டுப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அங்கேதான் படுக்கிறார்.

நமது ஊருக்கு இது புதிய கதை இல்லை. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற வெஸ்லியன் (மெதடிஸ்த) ஊழியர் மட்டக்களப்புக்கு வந்தார். கப்பற்பயணத்திலேயே மனைவியை இழந்து தனியாக வந்து சேர்ந்தவர். தமிழ் படித்தார், பாடசாலை தொடங்கினார், அடுத்த வருடமே இங்கே மரித்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் போட்ட விதை. அவரை அனுப்பிய சபைகளில் யாரோ சில்லறை சேர்த்துத்தான் இருப்பார்கள். இப்போது சேர்ப்பது நம்முடைய முறை என்று நாங்கள் மனதார நம்புகிறோம்.

தேவை இதுதான். இயந்திரத்தோடு ஒரு மரத்தோணிக்கு 450,000 ரூபா. பிள்ளைகளுக்கு முப்பது உயிர்காப்பு அங்கி, ஒன்று 3,500 வீதம் 105,000. மகளின் சாப்பாடு, வாடகை, மருந்துக்கு மாதம் 50,000 வீதம் ஒரு வருடத்துக்கு 600,000. மொத்தம் 1,155,000. இதுவரை சேர்ந்தது 318,500. எப்படியாவது அங்கிகளை முதலில் வாங்கி அனுப்புவோம், சாப்பாட்டுக் காசு பிந்தினாலும் பரவாயில்லை என்று மகள் சொல்கிறாள். குழு அதற்குச் சம்மதிக்கவில்லை. இரண்டும் வேண்டும்.

ஆனியில் தண்ணீர் ஏறத் தொடங்கும். அதற்கு முன் தோணி இறங்க வேண்டும்.

காசாகத் தர முடியாதவர்கள் தயங்க வேண்டாம். நமது அம்மம்மாக்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து வைப்பார்களே, அந்தப் பிடி அரிசியை மறுபடி தொடங்குகிறோம். பால்மா டின் ஒன்று வீட்டில் வையுங்கள், மாதக் கடைசி ஞாயிறு ஆலயத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்த அரிசியை அன்றே ஏலம் விடுவோம். மகளின் அம்மம்மாவுடைய டின் ஏற்கெனவே நிறைந்து, மூடி மூடவில்லை. இந்து அயலவர்கள் இரண்டு வீட்டார் தாங்களாகவே டின் கேட்டு வாங்கிப் போனார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி.

காசு தருகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் பொருளாளரிடம் தந்து ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்குள்ள சொந்தக்காரர் மூலம் அனுப்பலாம். கணக்கு மாதம் தவறாமல் அறிவிப்புப் பலகையில் தொங்கும்.

தோணியில் சபையின் பெயரையோ கொடுத்தவர்களின் பெயரையோ எழுதப்போவதில்லை. சுனாமிக்குப் பிறகு யார் யாருடையதோ பெயர் எழுதிய தோணிகளில் பல வருடம் தொழிலுக்குப் போன எங்கள் மீனவச் சகோதரர்கள்தான் இதைக் கேட்டார்கள். முன்பக்கத்தில் மட்டக்களப்பின் அடையாளமான ஒரு பாடும் மீன் மட்டும் வரையச் சொல்லியிருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் அது என்ன மீன் என்று கேட்டால் மகள் சொல்லிக்கொள்வாள்.

அன்புடன்,
ஊழியத் துணைக் குழுவினர்,
கல்லடி, மட்டக்களப்பு