முதலில் 16 அடி

அன்புள்ள செழியனுக்கு,

நீ அனுப்பிய வரைபடம் வந்து சேர்ந்தது. அப்பாவும் நானும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து ராத்திரி வெகுநேரம் பார்த்தோம். ஜிம் பிரவுன் என்ற படகு வடிவமைப்பாளர் வரைந்த 31 அடி சீரன்னர், ஒரு மூவோடப் படகு (டிரைமரன்). நடுவில் ஓடம், இரண்டு பக்கமும் மிதவை, உள்ளே படுக்க இடம், சமைக்க இடம். படகில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வீட்டுக் கொல்லையில் கட்டிய சீரன்னர்களில் பெருங்கடல்களைத் தாண்டிப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உன் கையால் கட்டுகிற முதல் படகு இதுவாக இருக்க வேண்டாம். போனில் சொன்னால் நீ ஒன்று பேச, நான் ஒன்று பேச, விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

முதலில் 16 அடியில் ஒரு மூவோடப் படகு கட்டு. ஒருவர் ஓட்டுகிற, மிஞ்சிப்போனால் இரண்டு பேர் உட்காருகிற படகு. அதை இரண்டு கோடைகாலம் ஓட்டு. அப்புறமும் மனம் 31 அடியில்தான் நிற்கிறது என்றால் நானே வந்து உப்புத்தாள் தேய்த்துத் தருகிறேன்.

நீளம் இரண்டு மடங்கானால் வேலையும் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். அப்படி இல்லை. அகலமும் உயரமும் கூடவே வளர்கின்றன. மூன்றும் இரட்டித்தால் கன அளவு எட்டு மடங்கு. பலகை, பிசின், தேய்ப்பு, பணம் எல்லாம் அந்தக் கணக்கை நோக்கித்தான் ஓடும். வாரக் கடைசியில் மட்டும் வேலை செய்கிறவனுக்குச் சின்னப் படகு ஒரு குளிர்காலத்திலோ இரண்டிலோ முடியும். பெரியது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதற்குள் வேலை மாறும், ஊர் மாறும், குழந்தை பிறக்கும், முதுகு பிடித்துக்கொள்ளும். இங்கே பிரிஸ்பேனில் தார்ப்பாய்க்குக் கீழே முடியாமல் கிடக்கிற மூவோடங்களை நானே பார்த்திருக்கிறேன். கட்டத் தொடங்கியவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. படகு அவர்களுடைய வாழ்க்கையைவிட மெதுவாக வளர்ந்தது, அவ்வளவுதான்.

இந்த ஆசையைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டுவந்தவர் ஆர்தர் பைவர் என்ற கலிபோர்னியாக்காரர். தச்சு வேலையில் பெரிய பழக்கமில்லாதவரும் பிளைவுட்டில் கட்டிவிடும்படி மூவோடங்கள் வரைந்து, வரைபடங்களை விற்றார். 1960இல் 30 அடி நிம்பிள் படகில் அட்லாண்டிக்கைக் கடந்தார். அதற்குப் பின் 35 அடி லோட்ஸ்டாரில் பசிபிக்கில் நியூசிலாந்து வரை போனார். அதைப் பார்த்து எத்தனையோ பேர் கொல்லையில் பலகை அறுக்கத் தொடங்கினார்கள். 1968இல், தனி ஆளாக அட்லாண்டிக்கைக் கடக்கும் பந்தயத்துக்குத் தகுதி பெறுவதற்காகக் கடலில் இறங்கிய பைவர் திரும்பவே இல்லை.

அதே ஆண்டில்தான் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயம். அதில் இரண்டு பேர் பைவரின் 40 அடி விக்ட்ரஸ் வடிவப் படகுகளில் போனார்கள். ஒருவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். புறப்படக் கடைசி நாள் அக்டோபர் 31. அன்றைக்கே, வேலை முடியாத படகோடு கிளம்பினார். கவிழ்ந்தால் நிமிர்த்துவதற்காகப் பாய்மர உச்சியில் ஒரு காற்றுப்பை இருந்தது. அதை இயக்க வேண்டிய வயர்கள் எதனோடும் இணைக்கப்படாமலே கிடந்தன. மிதவை மூடிகள் வழியாகத் தண்ணீர் கசிந்தது. தென்கடலுக்குள் போகத் துணியாமல் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றிவருவதாகப் பொய்த் தகவல் அனுப்பினார். 1969 ஜூலையில் ஆளில்லாத படகுதான் கிடைத்தது.

இன்னொருவர் நைஜல் டெட்லி. அவரை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அந்த மனிதர் நிஜமாகவே உலகைச் சுற்றி வந்து, கிளம்பியபோது தான் போன வழியை மறுபடி குறுக்கே தாண்டிவிட்டார். மூவோடத்தில் அதைச் செய்த முதல் ஆள் அவர். ஆனால் குரோஹர்ஸ்ட் பின்னால் நெருங்குகிறார் என்று அந்தப் பொய்ச் செய்திகளை நம்பி, ஏற்கெனவே தளர்ந்துபோயிருந்த படகை விரட்டினார். 1969 மே மாதம், அசோர்ஸ் தீவுகளின் பக்கம், மிதவையின் முன்பகுதி பிய்ந்து படகு மூழ்கியது. அவரை உயிரோடு மீட்டார்கள்.

இரண்டு படகையும் கெடுத்தது அவசரம். கட்டுவதில் ஒருவருக்கு, ஓட்டுவதில் இன்னொருவருக்கு. 'ரேஸ் டு அலாஸ்கா'வுக்குப் பெயர் கொடுக்க வேண்டும், அதற்குள் படகு முடிய வேண்டும் என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்ததும் எனக்கு இவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

அந்தப் பந்தயம் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அமெரிக்காவின் போர்ட் டவுன்சென்டிலிருந்து அலாஸ்காவின் கெச்சிக்கன் வரை 750 மைல், எஞ்சின் கிடையாது, வழியில் நமக்கென்று உதவிப் படகு கிடையாது. 2015இல் முதல் முறை நடந்தபோது ஜெயித்தது இயன் ஃபேரியர் வரைந்த 25 அடி மூவோடம்தான். ஐந்து நாளும் சில மணி நேரமும் எடுத்துக்கொண்டது. ஃபேரியர் நியூசிலாந்துக்காரர் என்றாலும், மிதவைகளை மடக்கிக் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் அமைப்பை 1970களில் உருவாக்கியது நம்முடைய இதே பிரிஸ்பேனில். அவருடைய ஆரம்பகால மடக்குப் படகு 18 அடி. உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய பெரிய படகுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

சரி, 16 அடி ஏன் என்று கேட்பாய். பிளைவுட் தாளின் நீளம் 2440 மில்லிமீட்டர். இரண்டு தாளின் முனைகளை ஒன்றுக்கு எட்டு என்ற சரிவில் இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டினால், 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர் மேல்பொருத்தத்தில் போகும். மிச்சம் 4832, அதாவது 15 அடி 10 அங்குலம். பலகை வீணாகாது, ஒரு பக்கத்துக்கு ஓர் ஒட்டுதான். இன்னும் நீளம் வேண்டுமென்றால் மூன்றாவது தாள், இரண்டாவது ஒட்டு, நீளமான கொட்டகை. ஜிம் பிரவுனோடு வேலை செய்த ஜான் மார்பிள்ஸ் வீட்டில் கட்டுகிறவர்களுக்காகவே சீக்ளிப்பர் என்ற பெயரில் சின்ன மூவோடங்கள் வரைந்திருக்கிறார். அதைப் பார்.

எந்த வரைபடம் எடுத்தாலும் இரண்டு இடத்தில் கை வைக்காதே. முதலாவது, மிதவையின் கன அளவு. படகு, பாய்மரம், நீ, உன் சாமான் எல்லாம் சேர்த்து 220 கிலோ என்று வைத்துக்கொள். காற்று அழுத்தி நடு ஓடம் தண்ணீரைவிட்டு எழும்பும்போது அந்த 220 கிலோவையும் ஒரே ஒரு மிதவை தாங்க வேண்டும். 220 லிட்டர் மிதவை என்றால் அது முழுக்க முங்கித்தான் தாங்கும். முங்கிய மிதவை தண்ணீரைக் கிழித்து ஓடாது, முன்முனை குத்தும், படகு தலைகுப்புறப் போகும். ஒன்றரை மடங்கு, அதாவது 330 லிட்டர் இருந்தால் பலகைமேல் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே உனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். பார்க்க ஒல்லியாக அழகாக இருக்கும் என்று மிதவையைச் செதுக்கிக் குறைத்துவிடாதே.

இரண்டாவது, மிதவைகளைப் பிடித்திருக்கும் குறுக்குக் குழாய்கள் நடு ஓடத்தோடு சேரும் இடம். மூவோடத்தின் பலம் முழுவதும் அந்த நான்கு மூட்டுகளில்தான் இருக்கிறது. அலுமினியக் குழாயில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நேராக மாட்டினால் உப்புத் தண்ணீரில் அலுமினியம் மாவாகப் பொரிந்துவிடும். நடுவில் நைலான் வாஷர் போடு. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஓட்டையைச் சுற்றி விரலால் தடவிப் பார்.

ஒட்டுகிற எபாக்சிப் பிசின் பற்றி நீ வீடியோ பார்த்திருப்பாய். ஆனால் உன் ஊர்க் குளிரில் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். குளிர்ந்த பிசின் கெட்டிப்பட்டுக் கண்ணாடி இழைத் துணிக்குள் இறங்காது. டப்பாக்களை முந்தின நாளே வீட்டுக்குள் சூடான இடத்தில் வை. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை, அதாவது பிசினை இறுக்கும் திரவத்தை, கூட்டி ஊற்றாதே. அது பெயின்ட் கிடையாது. விகிதம் மாறினால் காலத்துக்கும் இறுகாது. கலந்ததை உயரமான டப்பாவில் விட்டுவைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும், உடனே அகலத் தட்டில் ஊற்றிவிடு. மூலைகளை நிரப்பும் கலவை வடைமாவுப் பதத்தில் இருக்கட்டும். கரண்டியைக் கவிழ்த்தால் விழக் கூடாது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் இறுகிய பரப்பின்மேல் பிசுபிசுப்பான ஒரு படலம் படியும். அதை முதலில் வெந்நீரும் பச்சை ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவு, காயவிடு, பிறகுதான் தேய். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், அழுக்கு பலகைக்குள் இறங்கும், அடுத்த பூச்சு பிடிக்காது. கையுறை இல்லாமல் ஒருநாளும் தொடாதே. ஒருமுறை தோலுக்கு அலர்ஜி வந்துவிட்டால் அதற்குப் பிறகு எபாக்சி பக்கமே போக முடியாது.

பாய்மரத்துக்குப் புதிதாகச் செலவு செய்ய வேண்டாம். ஹோபி 14 மாதிரிக் கடற்கரைப் படகுகள் பழையவை எங்கும் விற்பனைக்கு வரும். கம்பமும் பாயும் சேர்த்து வாங்கு. ஏறத்தாழ 11 சதுர மீட்டர், உனக்குத் தாராளம். பாய் கிழிந்திருந்தால் அனுப்பு. என் மெஷின் இன்னும் அந்தத் துணியைத் தைக்கிறது. பலத்த காற்றில் பாயைச் சுருக்கிக் கட்டும் கண்ணிகளில் இரண்டாவது வரிசையையும் வைத்தே அனுப்புகிறேன்.

ஓட்டுவதைப் பற்றி ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இங்கே மேன்லியிலிருந்து கிரீன் தீவுப் பக்கம் போகும்போது மத்தியானத்துக்கு மேல் காற்று எழும். நீரோட்டம் காற்றுக்கு எதிராகத் திரும்பினால் மோர்ட்டன் வளைகுடாவில் அலை குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக நிற்கும். அப்போது நான் பாயைப் பார்ப்பதில்லை. காற்று போகும் பக்கத்து மிதவையின் முன்முனையைத்தான் பார்க்கிறேன். அலைக்குள் புகுந்து உடனே வெளியே வந்தால் சரி. புகுந்து, பலகைமேல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு பின்னால் வரத் தொடங்கினால் பாய்க்கயிற்றைத் தளர்த்த வேண்டும், உடம்பைப் பின்னால் நகர்த்த வேண்டும். பாயைச் சுருக்க வேண்டிய நேரம் அதற்கு முன்பே வந்துபோயிருக்கும். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) காற்று 20 ஆனால் பாயின் மேல் விசை நான்கு மடங்கு. சாதாரணப் படகு சாய்ந்து சாய்ந்து எச்சரிக்கும். மூவோடம் கடைசிவரை நிமிர்ந்தே ஓடும், அதனால் ஆபத்து தெரியாது. கவிழ்ந்தாலோ, தலைகீழாகவும் அதே உறுதியோடு நிற்கும். ஒற்றை ஆளாக நிமிர்த்துவது பெரும்பாடு.

இங்கே தண்ணீரில் விழுந்தால் துணிதான் நனையும். உன் பக்கத்துக் கடலில், கோடையிலும் கூட, குளிர் முதல் நிமிடத்திலேயே மூச்சைப் பிடுங்கும். தண்ணீர் உள்ளே புகாத டிரை சூட் உடை வாங்காமல் படகை இறக்காதே; பலகைக்கு முன்னால் அதை வாங்கு. பணம் நான் தருகிறேன். விசில், ரேடியோ இரண்டும் உன் உடம்பில் கட்டியிருக்கட்டும், படகில் அல்ல.

நீரோட்டத்தையும் சின்னப் படகில்தான் படிக்க முடியும். அலாஸ்கா வழியில் சீமோர் நேரோஸ் என்ற இடுக்கில் ஓட்டம் 15 நாட் வரை போகும். எந்தப் பாயும் அதை எதிர்த்து ஏறாது. நேரம் பார்த்து, ஓட்டம் நின்று திரும்பும் இடைவெளியில் நுழைந்து வெளியேற வேண்டும். அந்தக் கணக்கு கைவர உள்ளூர் இடுக்குகளில், கரை பார்த்து, பலமுறை போய் வரணும். 16 அடிப் படகு என்றால் சனிக்கிழமை காலையில் நினைத்தால் மத்தியானம் தண்ணீரில் இருக்கலாம். பெரிய படகுக்கு ஆள் தேட வேண்டும், துறை வாடகை கட்ட வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: கராஜின் மூலைவிட்ட நீளத்தையும் கதவின் அகலத்தையும் அளந்து எழுது. பிளைவுட்டில் படகுப் பலகைக்கான பிஎஸ் 1088 தர முத்திரை இருக்கிறதா என்று கடையில் நேரில் பார். கப்பூன் மரம் கிடைத்தால் எடை குறையும். ஒரு துண்டு வாங்கி வந்து ஒரு மணி நேரம் கொதிக்கவை, ஏடு பிரிந்தால் அந்தக் கடையை விட்டுவிடு. அப்பா செப்டம்பரில் வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். முனைகளை இழைத்து ஒட்டும் வேலையை அவருக்காக வைத்திரு. அதை வேறு யாரும் செய்யக் கூடாதாம். இழைப்புளியைத் தீட்டித் துணியில் சுற்றி இப்போதே பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா